மழையில் நனைந்த இரண்டு ஜோடி ஷூக்கள்: தோல் அடிப்பாகம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காலணிகளைப் பழுதுபார்க்கும் எங்கள் சிறு பட்டறைக்கு, ஒரு வாரத் தொடர்மழையின் முடிவில், ஒரே வாடிக்கையாளரிடமிருந்து இரண்டு ஜோடி ஷூக்கள் ஒன்றாக வந்தன. இரண்டும் அலுவலகத்துக்கும் விழாக்களுக்கும் அணியும் வகை. இரண்டின் அடிப்பாகமும் தோல். இரண்டும் அந்த வாரத்தில் நன்றாக நனைந்தவை. ஆனால் ஒரு ஜோடி ஏறக்குறைய முழுதாகத் தப்பியிருந்தது. மற்றொன்று முழுதாகச் சரிசெய்ய முடியாத சேதத்துடன் வந்திருந்தது. அந்த வேறுபாட்டுக்கான காரணத்தைத் தேடியபோது தெரிந்தவற்றையும், பழுதுபார்க்கையில் நாங்களே செய்த ஒரு தவறையும் சேர்த்து இங்கே பதிவு செய்கிறோம்.

முதல் ஜோடி கறுப்பு நிற ஆக்ஸ்ஃபோர்டு வகை. வெல்ட் முறையில் தைக்கப்பட்டது: மேல்தோலும், பாதம் பதியும் உள்ளடித்தோலும் வெல்ட் என்னும் ஒரு தோல் பட்டையோடு முதலில் தைக்கப்பட்டு, அந்தப் பட்டையோடு அடித்தோல் தனியாகத் தைக்கப்பட்டிருக்கும், உள்ளடித்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே உள்ள குழிவில் தக்கைத் துகள் நிரப்பப்பட்டிருக்கும். அடித்தோலில் ஒரு மெல்லிய வாய்க்கால் கீறி, தையலை அதற்குள் பதித்து, மேலே தோல் மடலை ஒட்டி மறைத்திருந்தார்கள். இரண்டாவது ஜோடி பழுப்பு நிறம், பிளேக் தையல். இம்முறையில் ஒரே தையல் உள்ளடித்தோலிலிருந்து நேராக அடித்தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஷூ இலேசாகவும் வளைந்து கொடுப்பதாகவும் அமையும் என்பது இதன் சிறப்பு. தரையில் படும் ஒவ்வொரு தையல் துளையும் காலுக்கடியில் திறக்கும் ஒரு சிறு வாசல் என்பது இதன் குறை.

பொதுவான அனுபவப்படி மழையில் அதிகம் கெட்டுப்போயிருக்க வேண்டியது பிளேக் தையல் ஜோடிதான். வந்த நிலை அதற்கு நேர்மாறாக இருந்தது.

நடந்தது என்ன

வாடிக்கையாளர் சொன்னதை நாள்வாரியாகத் தொகுத்தால் வருவது இது. திங்கட்கிழமை காலை கறுப்பு ஷூவுடன் ஏறத்தாழ நாற்பது நிமிடம் மழையில் நடந்திருக்கிறார். வழியில் தேங்கிய நீரைக் கடக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தின் வழவழப்பான தரையில் நுழைந்ததும் கால் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றிருக்கிறார். நாள் முழுவதும் அதே ஈர ஷூவுடன் அமர்ந்திருந்துவிட்டு, வீடு திரும்பியதும் இரண்டையும் சூடான காற்றை வீசும் அறை ஹீட்டருக்கு ஒரு முழம் தள்ளி, முன்பக்கம் அதை நோக்கியிருக்குமாறு வைத்து, இரண்டு மணி நேரம் உலர்த்தியிருக்கிறார். தொட்டுப் பார்த்ததில் காய்ந்தாற்போல் இருந்ததால் செவ்வாயன்றும் அதையே அணிந்தார். மீண்டும் மழை; மீண்டும் ஹீட்டர். அதன்பின் அதைக் கதவு மூடிய ஷூ அலமாரியில் வைத்துவிட்டார்.

புதன்கிழமை பழுப்பு ஜோடி. அன்று நடந்த தூரம் குறைவு என்றாலும், அடிப்பாகம் முழுவதும் நனைந்து உள்ளே காலுறை வரை ஈரம் ஏறியிருந்தது. அன்றிரவே வெளியூர் செல்ல வேண்டியிருந்ததால், அதைக் கவனிக்க நேரமின்றி, உள்ளே பழைய தாள்களைத் திணித்து, சுவரோரமாகப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் குற்ற உணர்வு தெரிந்தது. சொல்லப்போனால், அந்த வாரம் முழுவதும் அவர் செய்தவற்றில் சரியானது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை இரண்டையும் எடுத்துவந்தார். அடுத்த செவ்வாயன்று கறுப்பு ஷூ தேவைப்படும் ஒரு நிகழ்ச்சி இருப்பதாகவும், உடனே அடியில் ரப்பர் ஒட்டித் தரவேண்டும் என்றும் கேட்டார்.

முதல் பரிசோதனையில் கண்டவை

கறுப்பு ஜோடியில் கண்ணுக்கு முதலில் பட்டது, முன்பகுதியைச் சுற்றி அலையலையாகப் படிந்திருந்த வெண்ணிறக் கோடு. அடுத்தது, இடது ஷூவில் விரல்கள் மடங்கும் இடத்து மடிப்பில் மயிரிழை அளவுக்கு மூன்று வெடிப்புகள். அடித்தோலில் தையலை மறைத்திருந்த மடல், வெளிப்புற ஓரம் நெடுக ஈரக் காகிதம்போல் எழும்பி நின்றது. முனையில் தோல் தேய்ந்து தையல் நூல் வெளியே தெரிந்தது. இரண்டு நாள் நடைக்கு இந்தத் தேய்மானம் மிக அதிகம்; ஆனால் வியப்பில்லை. அடித்தோலுக்குப் பயன்படும் தோல் ஓக், செஸ்ட்நட், மிமோசா போன்ற மரங்களின் பட்டையிலோ கட்டையிலோ இருந்து எடுக்கும் துவர்ப்பொருளால் பதனிட்டு, அழுத்தி இறுக்கப்படுவது. காய்ந்திருக்கும்போது அது கட்டைபோல் உறுதியாக இருக்கும். நீர் ஏறியதும் நார்கள் உப்பித் தளர்கின்றன. அந்த நிலையில் சாலை மணல் அதன்மேல் உப்புத்தாளைப்போல் வேலை செய்கிறது.

எங்களை அதிகம் கவலைப்படுத்தியது உள்ளே இருந்தது. உள்ளடித்தோலின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு, நடுவில் படகுபோல் குழிந்திருந்தன. மேல்தோல் சுருங்காமல் உள்ளடித்தோல் மட்டும் ஏன் சுருங்கியது என்பதற்கு விடை பதனீட்டில் இருக்கிறது. தோலின் அடிப்படையான கொலாஜன் நார் ஈரமான நிலையில் குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் திரும்பாத அளவுக்குச் சுருங்கிவிடும். குரோமியத்தால் பதனிட்ட தோலுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். தாவரத் துவர்ப்பொருளால் பதனிட்ட தோலுக்கு 70 முதல் 85 டிகிரிதான். மேல்தோல் பெரும்பாலும் முதல் வகை. உள்ளடித்தோலும் அடித்தோலும் பெரும்பாலும் இரண்டாம் வகை. காய்ந்த தோல் இதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். நனைந்த ஷூவை ஹீட்டர் முன் வைப்பவர், அதன் தோல் வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்கக்கூடிய வேளையில் சுடுகிறார். எல்லையை எட்டாவிட்டாலும்கூட, வெளிப்புறம் வேகமாகக் காய்ந்து உட்புறம் ஈரமாகவே இருக்கும் சமமின்மை தோலை இழுத்து வளைக்கப் போதுமானது.

உள்ளே கையை விட்டுப் பார்த்ததில் குளிர்ச்சியும் இலேசான பூஞ்சை வாடையும் இருந்தன. வெளித்தோலோ நன்றாகக் காய்ந்து விறைத்திருந்தது. தொட்டுப் பார்த்து வாடிக்கையாளர் ஏமாந்தது இங்கேதான்: தக்கை நிரப்பலும் உள்ளடித்தோலும் குடித்த நீர் வெளியேற வழி மிகக் குறைவு.

பழுப்பு ஜோடியில் வெடிப்பு இல்லை, சுருளல் இல்லை. அடித்தோல் சற்று நிறம் மங்கியிருந்தது. முனை கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் மெல்லிய நீர்க்கோடு. அவ்வளவுதான். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு முடிவு சொல்வது நேர்மையாகாது. கறுப்பு ஜோடி இரண்டு நாள் நனைந்தது, பழுப்பு ஒரு நாள், தோல்களும் ஒன்றல்ல. இருந்தாலும் சுருண்ட உள்ளடித்தோலை மழையின் கணக்கில் எழுத முடியாது. அது ஹீட்டரின் வேலை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. செவ்வாய்க்குள் தரமுடியாது என்று சொன்னோம், வாடிக்கையாளர் மகிழவில்லை. ஈரமான தோலில் ரப்பர் ஒட்டும் பசை நிற்காது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அடியை ரப்பரால் மூடிவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேறும் பெரிய பரப்பு அடைபட்டுவிடும் என்பது. பல ஷூக்களின் நடுப்பகுதியில் உள்ளடித்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே ஓர் எஃகுத் தகடு இருக்கும். ஈரம் தங்கினால் அது துருப்பிடிக்கும். பூஞ்சை வாடை ஏற்கெனவே வந்துவிட்ட ஷூவை மூடுவது விவேகமாகப் படவில்லை.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்பதற்குத் தொடுதலை நம்பாமல் எடையை நம்பினோம். சமையலறைத் தராசு ஒன்றில் இடது ஷூவை நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்தோம். சனிக்கிழமை 541 கிராம், ஞாயிறு 522, திங்கள் 510, செவ்வாய் 504, வியாழன் 499, வெள்ளியும் மறு சனிக்கிழமையும் 498. 'காய்ந்த' ஷூவென்று கொண்டுவரப்பட்டதற்குள் 43 கிராம் நீர் இருந்திருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு நாள் எடை மாறாத பிறகே வேலையைத் தொடங்கினோம். இந்த எளிய வழியை முன்பே கையாண்டிருக்கலாம் என்று தோன்றியது. வீட்டிலும் யாரும் இதைச் செய்யலாம்.

உலர்த்தும் முறையில் பட்டறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. மூத்த கைவினைஞர், உருவம் கெடாமலிருக்க மர அச்சை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும் என்றார். மற்றவரோ, இறுக்கமான அச்சு உள்ளடித்தோலை மூடி ஈரத்தைத் தங்கவைக்கும், முதலில் தாள்தான் என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதல் ஒன்றரை நாள் அச்சிடாத வெற்றுத்தாளைத் தளர்வாக நிரப்பி, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருந்தோம். செய்தித்தாளின் மை வெளிர் நிற உள்துணியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்த்தோம். மேற்பரப்பின் ஈரம் போனபின், சற்றுத் தளர்வாகப் பொருந்தும் சீடர் மர அச்சை வைத்தோம். இவ்வளவு நாளும் ஷூக்களைப் பக்கவாட்டில் சாய்த்தே வைத்தோம். நிமிர்த்தி வைத்தால் அதிக நீர் குடித்த அடித்தோல் தரையோடு ஒட்டி, காற்று படாமல் போய்விடும். மின்விசிறி உண்டு, சூடு இல்லை, வெயிலும் இல்லை.

வெண்ணிறக் கோட்டைச் சிலர் அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பார்கள். நீர் தோலுக்குள் பரவி ஓரிடத்தில் நின்று ஆவியாகும்போது, அது சுமந்துவந்த உப்புகளும் தோலிலிருந்து கரைந்துவந்த பொருள்களும் அந்த எல்லையில் படிகின்றன. கோடு அந்த எல்லையின் வரைபடம். ஆகவே கோட்டை மட்டும் நனைத்தால் அதற்கப்பால் புதிய கோடு ஒன்று விழும். நன்கு பிழிந்த துணியால் தையலிலிருந்து தையல் வரை அந்தத் தோல் துண்டு முழுவதையும் ஒரே சீராக ஈரப்படுத்தி, மெதுவாகக் காயவிட்டோம். முதல் முறை பாதி மறைந்தது. இரண்டாம் முறை வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து அதே வேலையைச் செய்து, பின் வெறும் நீரால் துடைத்தபோது ஏறக்குறைய முழுதும் போயிற்று. உட்புறப் பூஞ்சை வாடைக்கு, ஆல்கஹால் தோய்த்த துணியால் உள்துணியை இலேசாகத் துடைத்தோம்.

மேல்தோல் முழுவதும் காய்ந்த பிறகு ஷூ கிரீமை மிக மெல்லியதாக, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு பூச்சாகப் பூசினோம். வெடிப்புகளை கிரீம் ஆற்றாது. நார் அறுந்த இடத்தை எந்தப் பூச்சாலும் இணைக்க முடியாது. அவற்றை நிறமெழுகால் நிரப்பி மறைக்கலாம், விரிவதைத் தாமதப்படுத்தலாம் என்பதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொன்னோம்.

அடிப்பாகத்தில், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது தோல் உறுதியாகவே இருந்ததால், முழு அடித்தோலையும் மாற்ற வேண்டிய கட்டம் வரவில்லை என்று முடிவு செய்தோம். எழும்பிய மடலின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கிப் பசையிட்டு அழுத்தி ஒட்டினோம். தையல் தெரிந்த முனையில் தோல் வைத்து நிரவி, முன் பாதிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய ரப்பர் அரை சோல் ஒட்டினோம். வெல்ட் பட்டைக்கும் மேல்தோலுக்கும் இடைப்பட்ட இடுக்கிலும் அடித்தோலின் ஓரத்திலும் தேன்மெழுகு தேய்த்தோம். ரப்பர் ஒட்டினால் தோல் 'சுவாசிக்காது' என்று இதை எதிர்ப்பவர்கள் உண்டு. கால் வியர்வை பெரும்பாலும் உள்துணி, மேல்தோல், ஷூவின் வாய் வழியாகவும், பின்பு ஓய்வு நாளிலும்தான் வெளியேறுகிறது என்பதால் அந்த வாதம் எங்களுக்கு வலுவாகப் படவில்லை. நடை சற்று விறைப்பாகும் என்பது உண்மை. ஈரத் தரையில் பிடிமானம் கூடும் என்பதும் உண்மை. சுவரைப் பிடித்து நின்ற ஒருவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

பழுப்பு ஜோடிக்கும் அதே ரப்பரே பொருத்தம்; பிளேக் தையலில் தரையைத் தொடும் துளைகளை மூட அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் இங்கேதான் தவறினோம். அந்த அடித்தோல் மங்கி வறண்டு தெரிந்ததால், முதலில் அதற்கு 'ஊட்டம்' கொடுக்கலாம் என்று அடித்தோலுக்கான எண்ணெயைத் தாராளமாகப் பூசி, இரண்டு நாள் கழித்து அதன்மேல் ரப்பரை ஒட்டினோம்.

பின்னர் நடந்தது

கறுப்பு ஷூ அந்த மழைக்காலம் முழுவதும் ஒட்டு விடாமல் இருந்தது. அதற்காக அது நீர்புகா ஷூவாகிவிடவில்லை. ஒரு நாள் பெருமழையில் அகப்பட்டபோது, அடி காய்ந்திருக்க, நாக்குப் பகுதியின் இடைவெளி வழியாகவும் வெல்ட் இடுக்கு வழியாகவும் உள்ளே நீர் வந்ததாக வாடிக்கையாளர் சொன்னார். ரப்பர் அரை சோல் தேய்மானத்தையும் அடியிலிருந்து ஏறும் ஈரத்தையும் தடுக்கும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதை அது ஒன்றும் செய்யாது. உள்ளடித்தோலின் குழிவு நடக்க நடக்க ஓரளவு அமர்ந்தது, முழுதாகச் சமன்படவில்லை. இடது மடிப்பின் மூன்று வெடிப்புகளில் ஒன்று மூன்று மாதத்தில் நன்றாக விரிந்துவிட்டது. முழு அடித்தோல் மாற்றும் நாள் வரும்போது, அந்த மேல்தோல் அச்செலவுக்குத் தகுதியாக இருக்குமா என்பது எங்களுக்கு ஐயமே.

பழுப்பு ஷூவின் ரப்பர் மூன்றே வாரத்தில் முனையில் வாய் திறந்தது. பிரித்துப் பார்த்தபோது பசை ரப்பரோடு முழுதாக இருந்தது. தோலோடு ஒட்டவே இல்லை. தோலுக்குள் ஊறிய எண்ணெய்தான் காரணம் என்பதில் ஐயமில்லை. எண்ணெய் ஏறிய மேல்படலத்தை உப்புத்தாளால் நீக்கி, கரைப்பானால் துடைத்து, காயவிட்டு, மெல்லிய பசையை இரண்டு முறை பூசி, ஒவ்வொன்றும் ஒட்டும் பதத்துக்கு வந்தபின் அழுத்தி ஒட்டினோம். கட்டணம் வாங்கவில்லை. ஆனால் அந்தத் தேய்ப்பில் அடித்தோல் தன் கனத்தில் கொஞ்சத்தை இழந்தது. நீரால் போகாத தோல் எங்கள் கையால் போயிற்று. எண்ணெய் அடித்தோலை மென்மையாக்கும் என்பதால், வெறுமையாக விடும் அடித்தோலுக்குக்கூட இப்போது அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பதில்லை.

வாடிக்கையாளரின் வழக்கமும் மாறியது. நடக்க வேண்டியிருக்கும் மழைநாளுக்கென்று அடியில் சிறு குமிழ்கள் கொண்ட ரப்பர் சோல் உள்ள ஒரு ஷூவை வாங்கிக்கொண்டார். எதிர்பாராத மழைக்கென்று, ஷூவின் மேலேயே மாட்டிக்கொள்ளும் ரப்பர் உறையை அலுவலகத்தில் வைத்திருக்கிறார். முதலில் அதைப் பழங்காலத்துப் பொருள் என்று சிரித்தவர் அவர்தான். பழையதுதான்: ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைஸ் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்ற சார்லஸ் குட்இயர் காலத்திலேயே ரப்பர் மேலுறைகள் விற்பனையில் இருந்தன, அவருடைய மகன் 1871இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழியாகவே அந்தக் கறுப்பு ஷூவின் வெல்ட் தையலுக்கு குட்இயர் என்ற பெயர் வந்தது. தந்தை பெயர் மேலே, மகன் பெயர் கீழே என்று மூத்த கைவினைஞர் அவரிடம் சொல்லிச் சிரித்தார். உறையைக் கழற்றியதும் ஷூவைக் காற்றாட விடவேண்டும், உறைக்குள்ளேயே நாள் முழுவதும் வைத்திருந்தால் வியர்வையே மழையின் வேலையைச் செய்துவிடும் என்பதையும் சொல்லி அனுப்பினோம்.

ஒரு நாள் அணிந்த தோல் ஷூவுக்கு மறுநாள் ஓய்வு. நன்றாக நனைந்ததற்கு எடை நிலைக்கும் வரை ஓய்வு. இந்த இரண்டையும் அவர் கடைப்பிடிக்கிறார். அடுத்த மழைக்காலத்தில் பழுப்பு ஜோடி ஒருமுறை நன்றாக நனைந்தபோது, தாளைத் திணித்துப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு, ஐந்தாம் நாள் எங்களுக்குக் காட்ட எடுத்துவந்தார். பாலிஷ் போட்டுக் கொடுப்பதைத் தவிர எங்களுக்கு அதில் வேலை இருக்கவில்லை.

இப்போது மாற்றிச் செய்வது

பழுப்பு ஜோடியையும் முதல் நாளே எடைபோட்டிருக்க வேண்டும். அது காய்ந்துவிட்டது என்று நாங்களும் தொட்டுப் பார்த்தே முடிவு செய்தோம், வாடிக்கையாளர் செய்த அதே பிழையை. பசை ஏறவேண்டிய தோலில் எண்ணெயோ மெழுகோ கிரீமோ முன்கூட்டிப் படக்கூடாது. ஒட்டி முடித்தபின், வெளியே தெரியும் ஓரங்களுக்கு மட்டும் மெழுகு. ரப்பர் ஒட்டுவதா வேண்டாமா என்ற பேச்சை, தையல் தெரியத் தொடங்கிய பின் அல்லாமல், ஷூ புதிதாகச் சில நாள் நடைபட்டு அடித்தோல் வளையப் பழகியதும் வாடிக்கையாளருடன் பேசிவிடுகிறோம். அப்போது மறைப்புமடலும் முனைத்தையலும் சேதமின்றி இருக்கும், நிரவ வேண்டிய வேலை இராது.

முதலில் தாள் வைப்பதா அச்சு வைப்பதா என்ற பட்டறை விவாதம் இன்னும் தீரவில்லை. மெல்லிய மேல்தோல் உள்ள ஷூக்களுக்கு ஒன்றரை நாள் என்பது அதிகம் என்கிறார் மூத்தவர். அத்தகைய ஜோடி ஒன்று வரும்போது இடதில் அவர் முறையையும் வலதில் மற்றவர் முறையையும் செய்து பார்ப்பதாக இருக்கிறோம்.

நனைந்த ஷூ எது வந்தாலும், என்ன பழுது என்று கேட்பதற்கு முன், எப்படி உலர்த்தினீர்கள் என்று இப்போது கேட்கிறோம். அந்தப் பதிலும் முதல்நாள் எடையும் பெறும் சீட்டின் மேல்வரியில் எழுதப்படுகின்றன.